எத்தனை முறை விழுந்தால் தாண்டலாம்? ஒரு வீட்டுக் கணக்கு

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீடுகளில் முதல் மாதத்திலேயே ஒரு சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். கீ போர்டை ஓங்கித் தட்டும் சத்தம். மானிட்டரில் ஒரு சின்ன உருவம் குழியில் விழுந்திருக்கும். "இன்னும் ஒரே ஒரு தடவைம்மா" என்ற கெஞ்சல் அடுத்து வரும். "சாப்பிட வர்றியா, நான் வந்து ஆப் பண்ணட்டுமா?" என்ற குரல் அடுக்களையிலிருந்து வரும். முதுநகர் வீடானாலும் சிதம்பரம் வீடானாலும் இதில் மாற்றம் இல்லை.

இப்படித் தட்ட வைக்கும் விளையாட்டுகளைப் பிளாட்பார்ம் கேம்ஸ் என்று அழைக்கின்றனர். நம் முதுநகர் ஜங்ஷன் பிளாட்பாரத்திற்கும் இதற்கும் தொடர்பில்லை. திட்டு திட்டாக இருக்கும் இடங்களில் ஓடி, தாண்டி, ஏறி, குழியிலோ முள்ளிலோ விழாமல் கடைசி வரை போக வேண்டும். 1985ல் வந்த சூப்பர் மரியோ பிரதர்ஸ் இந்த வகையைச் சேர்ந்தது. நம் பள்ளிக் கம்ப்யூட்டர் லேப்களில் ஒரு காலத்தில் ஆசிரியருக்குத் தெரியாமல் ஓடிய டேஞ்சரஸ் டேவ், 1989ல் வந்த பிரின்ஸ் ஆப் பெர்சியா ஆகியவையும் இவ்வகையே. இந்தியாவில் புனே நகரில் உருவாகி 2020ல் வெளியான ராஜி விளையாட்டிலும் கதாநாயகி சுவர்களில் ஓடித் தாவித்தான் தம்பியைத் தேடுகிறாள்.

இந்த விளையாட்டுகளில் திரும்பத் திரும்பத் தோற்பவர்களுக்கு இரண்டு அறிவுரைகள் கிடைக்கின்றன. ஒன்று, "விடாமல் முயற்சி செய், வந்துவிடும்". இன்னொன்று, "உனக்கு இது வராது, விட்டுவிடு". இரண்டுமே கணக்குப் பார்க்காமல் சொல்லப்படுபவை என்பது என் கருத்து. இரண்டாவது அறிவுரை கெடுதலும் செய்கிறது. ஐம்பது வயதில் முதல் முறையாகக் கம்ப்யூட்டர் முன் உட்காருபவரும், ஆறாம் வகுப்புப் படிக்கும் சிறுமியும் ஒரு விளையாட்டில் இருபது முறை விழுந்துவிட்டு, தமக்குக் கம்ப்யூட்டரே வராது என்ற முடிவுக்கு வந்துவிடுகின்றனர். குழியில் விழுந்ததற்கு அவர்களின் கை மட்டும் காரணமில்லை. அந்தக் கட்டத்தின் அமைப்பே பாதிக் காரணம்.

எப்படி என்று பார்ப்போம். நீங்கள் ஒரு ஜம்ப்பைப் பத்துக்கு ஒன்பது முறை சரியாகச் செய்கிறீர்கள் என்று வைத்துக் கொள்ளுங்கள். நல்ல திறமைதான். ஒரு கட்டத்தில் இதைப் போல பத்து ஜம்ப்கள் வரிசையாக இருந்தால் அதை ஒரே மூச்சில் முடிக்கும் வாய்ப்பு என்ன? பலரும் 90 சதவீதம் என்பார்கள். எக்ஸெல் திறந்து ஒரு செல்லில் =0.9^10 என டைப் செய்து என்டர் தட்டுங்கள். 0.3487 என்று விடை வரும். அதாவது நூற்றுக்கு 35. ஜம்ப்கள் இருபது என்றால் =0.9^20. நூற்றுக்கு 12 தான். அதே கை, அதே திறமை. கட்டம் நீளமானது ஒன்றுதான் மாற்றம். பக்கத்தில் நின்று பார்க்கும் அண்ணன் "இந்தச் சின்ன ஜம்ப் கூடவா தெரியல?" என்று கேட்கும்போது அவர் ஒரு ஜம்ப்பைப் பார்க்கிறார். விளையாடும் தங்கை இருபதைப் பெருக்கிக் கொண்டிருக்கிறாள்.

இதே கணக்குதான் செக்பாயிண்ட் என்பதன் மதிப்பையும் காட்டுகிறது. விழுந்தால் கட்டத்தின் தொடக்கத்திற்குப் போகாமல், நடுவில் ஓர் இடத்திலிருந்து தொடர அனுமதிப்பது செக்பாயிண்ட். முதுநகரிலிருந்து சிதம்பரத்திற்கு பஸ்ஸில் போகிறீர்கள். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் எல்லாம் தாண்டி பி.முட்லூரில் பஸ் பழுதாகி நின்றுவிட்டது. நாம் என்ன செய்வோம்? அங்கேயே நின்று அடுத்த பஸ்ஸைப் பிடிப்போம். யாரும் நம்மை முதுநகருக்குத் திருப்பி அனுப்பி மறுபடி ஏறி வரச் சொல்வதில்லை. செக்பாயிண்ட் இல்லாத விளையாட்டு அப்படித்தான் சொல்கிறது.

மேலே சொன்ன இருபது ஜம்ப் கட்டத்தைச் செக்பாயிண்ட் இல்லாமல் முடிக்க, விழுந்து விழுந்து எழுந்து, சராசரியாக 72 ஜம்ப்கள் செய்ய வேண்டியிருக்கும். சரியாகப் பாதியில் ஒரே ஒரு செக்பாயிண்ட் வைத்தால் அது 37 ஆகக் குறைகிறது. ஒவ்வொரு ஜம்ப்பிற்குப் பின்னும் வைத்தால் 22 போதும். விளையாடுபவரின் திறமை இம்மி அளவும் கூடவில்லை. எனவே ஒரு விளையாட்டு "கஷ்டம்" என்று யாராவது சொன்னால், ஜம்ப் கஷ்டமா, செக்பாயிண்ட் குறைவா என்று கேட்டுக் கொள்ளுங்கள். இரண்டும் வேறு வேறு கஷ்டங்கள்.

பழைய விளையாட்டுகள் பலவற்றில் இரண்டாவது வகைக் கஷ்டமே அதிகம். டேஞ்சரஸ் டேவில் 10 கட்டங்கள் உண்டு. ஆட்டத்தைப் பாதியில் சேவ் செய்திடும் வசதி கிடையாது. தொண்ணூறுகளில் நம் ஊர்களில் டிவியுடன் இணைத்து விளையாடிய வீடியோ கேம் பெட்டிகளில் மரியோ ஆடியவர்கள், மூன்று உயிரும் போனவுடன் முதல் உலகத்திற்கே திரும்பிப் போய் அழுதிருப்பார்கள். ஆனால் அந்த விளையாட்டிலேயே ஒரு வழி இருந்தது. ஆட்டம் முடிந்தவுடன் பெட்டியை ஆப் செய்யாமல், தலைப்புத் திரையில் ஏ பட்டனை அழுத்திக் கொண்டே ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால், தோற்ற அதே உலகத்தின் முதல் கட்டத்திலிருந்து தொடரலாம். கையேடு இல்லாமல் பெட்டியை வாங்கிய நம்மில் எத்தனை பேருக்கு இது தெரிந்திருந்தது?

எங்கே விழுகிறோம்?

இனி, உங்கள் வாய்ப்பை எப்படி மதிப்பிடுவது என்று பார்ப்போம். இதற்கு ஒரு தாளும் பேனாவும் போதும். ஒரு கட்டத்தை இருபது முறை விளையாடுங்கள். ஒவ்வொரு முறையும் எந்த ஜம்ப்பில் விழுந்தீர்கள் என்று ஒரு கோடு போடுங்கள். நான்கு ஜம்ப் உள்ள கட்டம் ஒன்றில் இப்படிக் கிடைத்தது என்று கொள்வோம்: முதல் ஜம்ப்பில் 2 முறை, இரண்டாவதில் 9 முறை, மூன்றாவதில் 1 முறை, நான்காவதில் 4 முறை விழுந்தாயிற்று. மீதி 4 முறை கட்டத்தை முடித்தாயிற்று. ஆக இருபதுக்கு நான்கு, 20 சதவீத வெற்றி.

இந்தத் தாளைப் பார்த்தவுடன் யாரும் என்ன சொல்வார்கள்? இரண்டாவது ஜம்ப்தான் எமன், நான்காவது அவ்வளவு மோசமில்லை. இங்கேதான் ஏமாந்து போகிறோம். நான்காவது ஜம்ப் வரை எத்தனை முறை போய்ச் சேர்ந்தீர்கள்? எட்டு முறைதான். எட்டில் நான்கு முறை விழுந்திருக்கிறீர்கள். இரண்டாவது ஜம்ப்பிற்குப் பதினெட்டு முறை போய், ஒன்பது முறை விழுந்தீர்கள். இரண்டுமே பாதிக்குப் பாதி. இரண்டும் ஒரே அளவு கடினம். பின்னால் இருப்பதை நாம் குறைவாகவே சந்திக்கிறோம், அதனால் அது எளிதாகத் தோன்றுகிறது. எனவே விழுந்த எண்ணிக்கையை, அந்த ஜம்ப் வரை வந்து சேர்ந்த எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள்.

இப்படி வகுத்துப் பார்த்தால் எதில் உழைக்க வேண்டும் என்று தெரிந்துவிடும். முதலாவதும் மூன்றாவதும் ஏறத்தாழ 90 சதவீதம். அவற்றில் பாடுபட்டு நூற்றுக்கு நூறு ஆக்கினாலும் மொத்த வெற்றி 25 சதவீதத்தைத் தாண்டாது. இரண்டாவதையும் நான்காவதையும் 50லிருந்து 75க்கு உயர்த்தினால் மொத்தம் 20லிருந்து 45 சதவீதமாகிறது. மூன்று உயிர்கள் கொடுத்து, ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்க வைக்கும் விளையாட்டு என்றால், மூன்றில் ஒரு முறையாவது முடிக்கும் வாய்ப்பு 49லிருந்து 83 சதவீதத்திற்குத் தாவுகிறது. நம் பிள்ளைகள் பெரும்பாலும் என்ன செய்கிறார்கள்? தோற்றவுடன் முதலிலிருந்து வேகமாக ஓடி வந்து, நன்றாகத் தெரிந்த முதல் ஜம்ப்பையே நூறு முறை செய்கிறார்கள். அதில் அவர்கள் வல்லவர்கள் ஆகிவிடுகிறார்கள். நான்காவது அப்படியே இருக்கிறது.

இருபது முறையும் தோற்றுவிட்டால்? "சான்ஸே இல்லை" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். உண்மையில் 5 சதவீத வாய்ப்பு உள்ள ஒருவர் இருபது முறை ஆடினால், இருபதிலும் தோற்பதற்கு நூற்றுக்கு 36 வாய்ப்பு உள்ளது (=0.95^20). சுழியம் என்று காட்டும் கணக்கு சில நேரம் சுழியம் அல்ல. நேர்மாறாக, "பத்து முறை தோற்றாயிற்று, பதினொன்றாவது கண்டிப்பாக ஜெயிக்கும்" என்பதும் தவறு. குழிக்கு ஞாபகம் கிடையாது.

இதற்கு உலக அளவில் நல்ல உதாரணம் ஒன்று உண்டு. 2015ல் நின்டென்டோ வெளியிட்ட சூப்பர் மரியோ மேக்கரில், விளையாடுபவர்களே கட்டங்களை வடிவமைத்து இன்டர்நெட்டில் ஏற்றினார்கள். ஒவ்வொரு கட்டத்திற்கும் நூற்றுக்கு எத்தனை முயற்சிகள் வென்றன என்ற அளவும் காட்டப்பட்டது. கவனியுங்கள், நூற்றுக்கு எத்தனை பேர் என்பது அல்ல, எத்தனை முயற்சிகள் என்பதுதான். 2 சதவீதம் என்று இருந்தால், நூறு பேரில் இரண்டு பேர்தான் முடிப்பார்கள் என்று பொருளில்லை. விடாமல் ஆடுபவர்களில் பெரும்பாலோர் முடித்திருக்கலாம். இப்படி ஏற்றப்பட்ட கட்டங்களில் யாராலும் முடிக்கப்படாதவற்றை எல்லாம் முடித்துத் தீர்ப்பது என்று ஒரு குழுவினர் கிளம்பினார்கள். 2024 ஏப்ரல் 8ல் நின்டென்டோ தன் சர்வரை மூட இருந்தது. அதற்கு முன் எஞ்சி நின்றது "டிரிம்மிங் த ஹெர்ப்ஸ்" என்ற, சில விநாடிகளே ஆகக்கூடிய ஒரு கட்டம். ஏற்றுவதற்கு முன் உருவாக்கியவர் தானே முடித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. அவர் அதைக் கையால் முடிக்கவில்லை, பட்டன்களை இயக்கித் தரும் கருவியின் துணையால் முடித்தார் என்பது மார்ச் மாதம் அவராலேயே ஒப்புக் கொள்ளப்பட்டது. அதற்குப் பிறகும், சர்வர் மூடப்படும் முன் ஒருவர் அதைக் கையாலேயே முடித்துக் காட்டினார்! நாம் அந்த அளவிற்குப் போக வேண்டியதில்லை. சோறு ஆறிவிடும்.

சோறு என்றவுடன், அம்மாக்களுக்கு ஒரு கணக்கு. பையனின் வெற்றி வாய்ப்பு 20 சதவீதம், ஓர் ஆட்டத்திற்கு இரண்டு நிமிடம் ஆகிறது என்றால், பதினோரு முறை ஆடினால் ஒரு முறையாவது முடிக்கும் வாய்ப்பு 90 சதவீதத்தைத் தாண்டும் (=1-0.8^11). இருபத்திரண்டு நிமிடம். விட்டுவிடுங்கள், முடித்துவிட்டு வரட்டும். வாய்ப்பு 2 சதவீதம் என்றால் அதே உறுதிக்கு 114 முறை வேண்டும். ஏறத்தாழ நான்கு மணி நேரம். இப்போது ஆப் செய்யச் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அந்த நியாயத்தை அவனுக்கும் எக்ஸெலில் காட்டலாம். "எப்பப் பாரு கேம்" என்று திட்டுவதை விட இது எடுபடும் என்று நினைக்கிறேன். பெருக்கல் கணக்கிற்குப் பயன் என்ன என்று கேட்கும் பிள்ளைக்கும் பதில் கிடைத்தாற்போல் ஆகும்.

கம்ப்யூட்டரும் காலை வாரும்

தோல்வியில் ஒரு பங்கு உங்களுடையதே அல்ல, கம்ப்யூட்டருடையது. விலை குறைந்த கீ போர்டுகளில் மூன்று கீகளை ஒரே நேரத்தில் அழுத்தினால் மூன்றாவது பதிவாகாமல் போவதுண்டு. எந்த மூன்று என்பது கீ போர்டுக்குக் கீ போர்டு மாறும். இடது அம்பு, மேல் அம்பு, ஸ்பேஸ் பார் மூன்றும் சேரும்போது இது அடிக்கடி நேரும். ஓடிக்கொண்டே தாண்டும்போது மட்டும் ஆள் தாண்டாமல் குழிக்குள் நடந்து போகிறான் என்றால், விரலைக் குறை சொல்லும் முன் விளையாட்டின் கன்ட்ரோல்ஸ் பகுதிக்குச் சென்று ஜம்ப்பை வேறு கீக்கு மாற்றிப் பாருங்கள்.

விண்டோஸில் இன்னொரு தொல்லை உண்டு. ஷிப்ட் கீயைத் தொடர்ந்து ஐந்து முறை தட்டினால், ஸ்டிக்கி கீஸ் வேண்டுமா என்று கேட்டு ஒரு பெட்டி வந்து நிற்கும். நீங்கள் அந்தரத்தில் இருக்கும்போதுதான் அது வரும். விண்டோஸ் 11ல் செட்டிங்ஸ் சென்று, அக்ஸஸிபிலிடி, பின் கீபோர்ட் கிளிக் செய்து, ஸ்டிக்கி கீஸ் பிரிவில் அதன் ஷார்ட்கட்டை ஆப் செய்திடுங்கள். வீட்டில் விரல்களை ஒரு சேர அழுத்த முடியாதவர் யாரேனும் அதே கம்ப்யூட்டரைப் பயன்படுத்தினால் இதில் கை வைக்காதீர்கள். அது அவர்களுக்காக வைக்கப்பட்டது. டிவியில் இணைத்து ஆடுபவர்கள் டிவியின் மெனுவில் கேம் மோட் இருக்கிறதா என்று பார்க்கலாம். படத்தை அழகுபடுத்த டிவி எடுத்துக் கொள்ளும் தாமதம் இதில் குறையும். விநாடிக்கு 60 படங்கள் ஓடும் விளையாட்டில் ஒரு படத்தின் ஆயுள் 17 மில்லி விநாடிக்கும் குறைவு. டிவி அதில் ஐந்தாறு படங்கள் பிந்தினால் நீங்கள் ஏற்கெனவே விழுந்துவிட்ட குழியைப் பார்த்துத்தான் தாண்டுகிறீர்கள்.

மின்வெட்டையும் சொல்லாமல் விட முடியாது. 2011 டிசம்பர் 30ல் தானே புயல் கரை கடந்த பின் நம் மாவட்டத்துக் கிராமங்கள் எத்தனை நாள் இருட்டில் கிடந்தன என்பது தெரியும். (மின்சாரம் தயாரிக்கும் நெய்வேலி நம் மாவட்டத்திலேயே இருக்கிறது என்பது வேறு விஷயம்.) டெஸ்க்டாப் வைத்திருப்பவர்கள் ஒரு சிறிய யுபிஎஸ் வைத்துக் கொள்வது நல்லது. விளையாட்டிற்காக மட்டும் அல்ல, பாதியில் நிற்கும் பைல்களுக்காகவும்.

உதவியை எடுத்துக் கொள்வது ஏமாற்றா?

விளையாட்டில் உள்ள உதவிகளைப் பயன்படுத்தினால் "சீட்டிங்" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். இவர்களுடன் எனக்கு உடன்பாடு இல்லை. பிரின்ஸ் ஆப் பெர்சியாவிலேயே ஷிப்ட் கீயை அழுத்திக் கொண்டு அம்பு கீயைத் தட்டினால் இளவரசன் அடி மேல் அடி வைத்து விளிம்பு வரை நடப்பான். முட்களுக்கிடையிலும் காயமின்றிப் போவான். அறுபது நிமிடத்தில் 12 கட்டங்களை முடிக்க வேண்டும் என்பதால் எல்லா இடத்திலும் அப்படி நடக்க முடியாது. எங்கே நடப்பது, எங்கே ஓடுவது என்று தேர்ந்தெடுப்பதே ஆட்டம். 2003ல் வந்த சாண்ட்ஸ் ஆப் டைம் இன்னும் ஒரு படி மேலே போய், விழுந்த பின் நேரத்தைச் சில விநாடிகள் பின்னோக்கி ஓட்டும் வசதியைத் தந்தது. அதை யாரும் சீட்டிங் என்று சொல்லவில்லை, பாராட்டினார்கள்.

2018ல் வெளியான செலஸ்ட் மிகவும் கடினமான விளையாட்டு. அதை உருவாக்கியவர்கள் நமக்குத் தெரியாமலேயே நம் கையைப் பிடித்திருக்கிறார்கள். விளிம்பை விட்டுக் கால் விலகிய பின்னும் ஏறத்தாழ 0.1 விநாடி வரை ஜம்ப் கீயை ஏற்றுக் கொள்ளும்படி அது எழுதப்பட்டுள்ளது. ரோட் ரன்னர் கார்ட்டூனில் பாறையைத் தாண்டி அந்தரத்தில் ஓடிவிட்டுப் பிறகு விழும் ஓநாய் நினைவிருக்கிறதா? அதன் பெயரால் இதைக் கயோட்டி டைம் என்கிறார்கள். அதோடு அசிஸ்ட் மோட் என்ற பகுதியில், ஆட்டத்தின் வேகத்தைப் பாதி வரை குறைக்கலாம். உயிர் போகாமலும் ஆடலாம். முதல் உதவியை எல்லோரும் வாங்கிக் கொண்டு, இரண்டாவதைக் கேட்பவரை மட்டும் கேலி செய்வது என்ன நியாயம்?

ஆனால் ஒன்று. உயிர் போகாத வசதியை எடுத்தவுடன் போட்டுக் கொள்ளாதீர்கள் என்பேன். அதில் நீங்கள் எங்கே விழுகிறீர்கள் என்பதே தெரியாமல் போய்விடும், தாளில் கோடு போட ஒன்றும் இருக்காது. முதலில் வேகத்தை எழுபது சதவீதமாகக் குறைத்து, மேலே சொன்ன இரண்டாவது, நான்காவது போன்ற ஜம்ப்களைப் பழகுங்கள். பிடிபட்ட பின் வேகத்தைக் கூட்டலாம். சேவ் செய்யும் வசதி இருந்தால், கட்டத்தின் தொடக்கத்தில் சேவ் செய்வதை விட, பாதிக்குப் பாதி விழும் ஜம்ப்பிற்குச் சற்று முன் சேவ் செய்வது பலன் தரும். பிரின்ஸ் ஆப் பெர்சியாவில் மட்டும் கவனம்: கண்ட்ரோல் + ஜி அழுத்திச் சேவ் செய்தால் மீதமுள்ள நிமிடங்களும் சேர்ந்தே பதிவாகும். நேரத்தை வீணடித்துவிட்டுச் சேவ் செய்தால் வீணடித்தது வீணடித்ததுதான்.

பழகிப் பார்க்கச் செலவில்லாத விளையாட்டு வேண்டும் என்றால் சூப்பர்டக்ஸ் டவுண்லோட் செய்து கொள்ளுங்கள். டக்ஸ் என்ற பெங்குயின் ஓடும் இந்த விளையாட்டு இலவசம். விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் இயங்கும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத சாதாரணக் கம்ப்யூட்டரே போதும். இதில் செக்பாயிண்ட் ஒரு மணி வடிவில் தொங்கும். அந்த மணிக்கு முன் எத்தனை ஜம்ப், பின் எத்தனை ஜம்ப் என்று எண்ணி, இருபது ஆட்டத்தின் கோடுகளைப் போட்டுப் பாருங்கள். பிள்ளையையும் ஒரு தாளில் தனியாகப் போடச் சொல்லுங்கள். உங்கள் தாளில் கோடு குவியும் இடமும் பிள்ளையின் தாளில் குவியும் இடமும் ஒன்றாக இருக்காது.